ஜெத்ரோ டல்

இங்கிலாந்து நாட்டில் பார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பேசில்டன் என்னும் சிற்றூரில் 1674 ஆம் ஆண்டில் ஜெத்ரோ டல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்றார். பின்னர் இலண்டனில் சட்டம் கற்று, 1699 இல் வழக்கறிஞரானார். அவர் உள்ளம் அரசியலை நாடியது. உடல்நலமோ அதற்கு இடந்தரவில்லை. ஆகவே வழக்குமன்றத்தை விடுத்து வயலுக்கு வந்தார். உழவு அவர் விரும்பி ஏற்ற தொழிலன்று.

அக்காலத்தில் அந்நாட்டு உழவர் விதையைக் கையால் அள்ளி வீசியே விதைத்தனர். ஓரிடத்தில் விதை குவியும். மற்றோரிடம் வெறுமையாய்க் கிடக்கும். மண்ணுள் மறையாதவற்றைப் பறவைகள் பொறுக்கித் தின்னும். பயிரோடு களையும் கலந்து மண்டும். வரிசை இல்லாமையால் களையெடுப்போர் கால்வைக்கவும் இடம் இராது. நம் தக்காணத்துப் புன்செய் நிலங்களில், மூங்கிற் குழல்கள் பொருத்திய கருவியால் வரிசையாக விதைக்கும் வழக்கம் உண்டு. டல் அதனைக் கண்டவரல்லர்.

ஹோபெரி என்னும் பண்ணையில் அவர் செயின்பாயின் என்னும் தீவனப் பயிரை வளர்த்தார். அதன் விதை விலை மிக்கது. அதனைச் சிறு சால்களில் அளவாக இட்டு மூடுமாறு தொழிலாளரைப் பணித்தார். அவர்கள் அதற்கு உடன்படவில்லை. பழகிய கைகளுக்குப் புதிய வேலை கசந்ததில் வியப்பில்லை. ஆயினும் டல் அதனைப் பொறுத்தாரல்லர். கூலியாட்களை நம்பாமல் ஒரு பொறியையே ஆக்கத் துணிந்தார்.

இளமையில் அவர் ஆர்கன் என்னும் இசைக்கருவியைப் பயின்றிருந்தார். அதனுள் நாவும் வில்லும் இயங்கும் முறை அவர் நினைவிற்கு வந்தது. 1701 ஆம் ஆண்டளவில் பொறி உருவாயிற்று. குதிரை இழுக்க, சக்கரம் சுழலும். அதனோடு குழிகள் வெட்டிய உருளையும் சுழலும். மேலுள்ள பெட்டியிலிருந்து விதைகள் அக்குழிகளில் இறங்கி, அளவாகக் கீழே விழும். முன்னே ஒரு கொழு சால் பிளந்து செல்லும். பின்னே வரும் பரம்பு மண்ணை மூடும். ஒரே நேரத்தில் மூன்று வரிசைகளில் விதைக்கலாம்.

1709 இல் அவர் ஹங்கர்போர்டு நகருக்கு அருகிலுள்ள வேறொரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். நோய் முதிரவே, 1711 இல் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளுக்குச் சென்றார். அங்குத் திராட்சைத் தோட்டங்களில் வரிசைகளின் இடையே நிலத்தை அடிக்கடி கிளறுவதையும், எருவின்றியே கொடிகள் செழிப்பதையும் கண்டார். இம்முறை கோதுமைக்கும் ஏற்காதோ என எண்ணினார். நாடு திரும்பியதும் வரிசைகளிடையே குதிரை இழுக்கும் களைக்கொட்டினைப் பயன்படுத்தினார். களை ஒழிந்தது, மண்ணும் பொலபொலப்பாயிற்று. ஒரே வயலில் எருவிடாமல் 13 ஆண்டுகள் தொடர்ந்து கோதுமை விளைவித்தார்.

தாம் கண்டவற்றை 1731 இலும் 1733 இலும் நூலாக வெளியிட்டார். எதிர்ப்பு எழுந்தது. பிறர் கருத்தைத் திருடினார் என்று கூடச் சிலர் பழித்தனர். நோயாளியாகிய அவர் படுக்கையிலிருந்தபடியே விடை எழுதினார்.

அவர் கொள்கை முற்றும் சரியன்று. நுண்ணிய மண் துகள்களையே பயிர் உணவாக உண்கிறது என்று அவர் நம்பினார். களை விதைகளைக் கொணர்வது என எருவை வெறுத்தார். பயிர் நீரில் கரைந்த உப்புகளையே வேரால் உறிஞ்சுகிறது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆனால் விதையை அளவோடும் வரிசையோடும் இடுதலும் இடையே களை நீக்குதலும் நிலைத்தன. 1741 இல் டல் தம் பண்ணையிலேயே உயிர் நீத்தார். பேசில்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் நாட்டு உழவர் விதைப்புப் பொறியைப் பரவலாக ஏற்றது 19 ஆம் நூற்றாண்டில்தான்.