வீதியை மேடையாக்கியவர்

நாடகம் பார்க்க மக்கள் அரங்கத்தைத் தேடிச் செல்வது வழக்கம். நாடகமே மக்களைத் தேடி ஆலை வாசலுக்கும் குடிசைப் பகுதிக்கும் வந்தால் எப்படி இருக்கும்? வடநாட்டில் அவ்வாறு நாடகத்தை நடக்க வைத்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் சப்தர் ஹாஷ்மி. அவர் வாழ்ந்தது முப்பத்து நான்கு ஆண்டுகளே. என் பாடப்புத்தகம் எதிலும் அவர் பெயரை நான் கண்டதில்லை.

1954 ஏப்ரல் 12-ஆம் நாள் தில்லியில் ஹனீப் ஹாஷ்மிக்கும் கமர் ஆசாதுக்கும் மகனாகப் பிறந்தார். இளமைக் காலம் அலிகாரிலும் தில்லியிலும் கழிந்தது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, 1975-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். வசதியான உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மாணவராக இருந்தபோதே, 1973-இல், நண்பர்களுடன் சேர்ந்து 'ஜன நாட்டிய மஞ்ச்' என்னும் குழுவைத் தொடங்கிவிட்டார். மக்கள் நாடக மன்றம் என்பது அதன் பொருள். சுருக்கமாக 'ஜனம்' என்பார்கள்.

முதலில் இவர்களும் பெரிய நாடகங்களையே நடத்தினார்கள். 1975-இல் நெருக்கடி நிலை வந்தது. குழுவின் வேலை நின்றது. ஹாஷ்மி கார்வாலிலும் காஷ்மீரிலும் தில்லியிலும் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். 1977-க்குப் பிறகு குழு மீண்டும் கூடியபோது வேறொரு தொல்லை. மேடை போட்டு, விளக்கு வைத்து நாடகம் நடத்தச் செலவு செய்யும் நிலையில் தொழிற்சங்கங்கள் இல்லை. பெரிய நாடகத்துக்குப் பணம் இல்லையென்றால் பணமே வேண்டாத சிறிய நாடகம் போடுவோம் என்று முடிவு செய்தார்கள். கையில் காசில்லாத குறையே ஒரு புதிய கலைக்கு வழிவிட்டது என்பேன்.

நம் ஊர்த் தெருக்கூத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெருக்கூத்துக்கு முகத்தில் அரிதாரம் உண்டு, கட்டியங்காரன் உண்டு, விடிய விடியக் கதை உண்டு. ஹாஷ்மியின் வீதி நாடகத்துக்கோ திரை இல்லை, ஒப்பனை இல்லை. பாடியும் பறையடித்தும் கூட்டம் சேர்ப்பார்கள். மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் நாடகம் நடக்கும். நடிகர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கோ முதுகு காட்டியாக வேண்டும். ஆதலால் குரலும் உடலும் நாற்புறமும் பேச வேண்டும். இது எளிய வித்தை அன்று.

இவ்வகையில் 1978 அக்டோபரில் அரங்கேறிய முதல் நாடகம் 'மெஷின்'. அதற்குக் கருவாக அமைந்தது காஜியாபாத் பக்கத்து ஆலை ஒன்றில் நடந்த நிகழ்ச்சி. அங்கே தொழிலாளர்கள் கேட்டவை இரண்டே: சைக்கிள் நிறுத்த ஓரிடம், தேநீர் குடிக்கவும் கொண்டுவந்த சோற்றைச் சூடாக்கவும் ஒரு கேண்டீன். நிர்வாகம் மறுத்தது. வேலைநிறுத்தம் நடந்தது. காவலாளிகள் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். சைக்கிள் நிறுத்த இடம் கேட்பதெல்லாம் ஒரு கோரிக்கையா என்று சிலர் நினைக்கக்கூடும். பத்து மைல் மிதித்து வந்து, வெயிலிலும் மழையிலும் வண்டியைப் போட்டுவிட்டு, மாலையில் அது இருக்குமோ இருக்காதோ என்ற கவலையுடன் வேலை செய்பவனுக்கு அது சிறிய கோரிக்கை அன்று.

இந்தக் கதையை அப்படியே சொல்லாமல், நடிகர்கள் தங்கள் உடல்களையே கோத்து ஓர் இயந்திரமாக நின்றார்கள். இயந்திரம் ஓசையுடன் ஓடும், திடீரென்று நிற்கும். ஏன் நின்றது என்ற கேள்வியிலிருந்து நாடகம் விரியும். மொத்தம் பதின்மூன்று நிமிடம்! அந்த நவம்பரில் தில்லி தால்கடோரா அரங்கில் கூடியிருந்த ஏழாயிரம் தொழிலாளர்கள் முன் இது நடிக்கப்பட்டது. பார்த்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பித் தாங்களே அதனை நடிக்கத் தொடங்கினார்கள். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு நாடக ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

1979-இல் தில்லியில் பஸ் கட்டணம் உயர்ந்தபோது, சில மணி நேரத்திலேயே நாடகம் தயாரித்துப் பயணிகளிடம் கொண்டு சென்றார்கள். அதே ஆண்டில் பெண்களின் நிலையைக் கூறும் 'ஔரத்' வந்தது. பல இந்திய மொழிகளில் அது நடிக்கப்பட்டது. ஹாஷ்மியின் மனைவி மலயஸ்ரீ குழுவின் சிறந்த நடிகை.

என் மனத்தை அதிகம் தொட்டது 'ஹத்யாரே', அதாவது 'கொலைகாரர்கள்' என்னும் நாடகம். ஹாஷ்மி சிறுவயதில் வாழ்ந்த அலிகார், பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1978-இல் அங்கே இந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. கலவரத்தை மத நூல்களைக் கொண்டு விளக்காமல், பூட்டுப் பட்டறைத் தொழிலாளர்களின் வாழ்வைக் கொண்டு விளக்கியது இந்நாடகம். ஒன்றாக உழைத்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டால் இலாபம் யாருக்கு என்று பார்ப்பவனையே யோசிக்க வைத்தது. ஒற்றுமையாக இருங்கள் என்று மேடையேறி உபதேசம் செய்வது சுலபம்; காய்ந்த புண்ணை விட்டுவிட்டுக் காயாத புண்ணைத் தொட்டுக் காட்டுவது கடினம். 1986-இல் 'அபஹரண் பாயீசாரே கா' என்ற நாடகத்திலும் மத நல்லிணக்கத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

வீதி நாடகம் வெறும் கோஷம்தானே என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கத்தான் செய்தது. முதலாளி என்றால் கொடியவர், தொழிலாளி என்றால் நல்லவர் என்று அச்சில் வார்த்தது போன்ற பாத்திரங்கள் சில நாடகங்களில் வந்தன. ஹாஷ்மி மேடை நாடகத்தைப் பகையாக எண்ணியவர் அல்லர். 1988-இல் பிரேம்சந்தின் கதை ஒன்றை ஹபீப் தன்வீருடன் சேர்ந்து மேடை நாடகமாக்கினார்.

இதற்கிடையில் பத்திரிகைப் பணியும், தில்லியில் மேற்கு வங்க அரசின் செய்தி அலுவலர் பணியும் பார்த்த அவர், 1984-இல் வேலையை விட்டு முழுநேரமும் நாடகத்துக்கே தந்தார். குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதினார்.

1989 ஜனவரி முதல் நாள். தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் ஜண்டாப்பூர் என்னும் தொழிலாளர் குடியிருப்பு. நகராட்சித் தேர்தல் நேரம். முற்பகலில் 'ஹல்லா போல்' நாடகம் நடந்துகொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஊர்வலம் அவ்வழியே வந்தது. நாடகம் முடியும்வரை பொறுக்கும்படியோ வேறு வழியில் செல்லும்படியோ ஹாஷ்மி கேட்டுக்கொண்டார். தடிகளும் கம்பிகளும் பதில் கூறின. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் தப்பிச் செல்லும்வரை தாம் பின்தங்கி நின்ற ஹாஷ்மி தலையில் பலத்த காயமடைந்து, மறுநாள் இரவு மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

ஜனவரி 4-ஆம் நாள் மலயஸ்ரீ குழுவினருடன் ஜண்டாப்பூருக்குத் திரும்பினார். கணவர் இறந்து இரண்டு நாள் ஆகவில்லை. அதே இடத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், பாதியில் நின்ற 'ஹல்லா போல்' நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை நடித்து முடித்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், ஹாஷ்மியின் பிறந்த நாளில், நாடெங்கும் வீதி நாடகங்கள் நடந்தன. அதுமுதல் அந்நாள் தேசிய வீதி நாடக தினமாகக் கொண்டாடப்படுகிறது.

வழக்கு பதினான்கு ஆண்டுகள் இழுத்தது. 2003 நவம்பரில் காஜியாபாத் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை அளித்தது. தீர்ப்புக்காக ஜனம் காத்திருக்கவில்லை. அத்தனை ஆண்டுகளும் ஜனவரி முதல் நாளன்று ஜண்டாப்பூருக்குச் சென்று, அந்தத் தெரு மக்களுக்கு நாடகம் நடத்திக்கொண்டுதான் இருந்தது.