சின்ன அண்ணாமலை

சின்ன அண்ணாமலை (ஜூன் 18, 1920 - ஜூன் 18, 1980) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், பதிப்பாளர், திரைப்படத் தயாரிப்பாளர் ஆவார். இயற்பெயர் நாகப்பன். காரைக்குடியை அடுத்த சிறுவயலில் பிறந்து தேவகோட்டையில் வளர்ந்தார்.

திருவாடானை சிறையுடைப்பு

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியதும், ஆங்கில ஆட்சிக்கெதிராக மேடைகளில் பேசிவந்த இவரைக் காவல்துறையினர் இரவில் கைது செய்தனர். தேவகோட்டையில் வைக்காமல் திருவாடானை கிளைச்சிறையில் அடைத்தனர். உள்ளூரில் கூட்டம் திரளுவதைத் தவிர்க்கவே இவ்வாறு செய்திருத்தல் வேண்டும். ஆனால் விளைவு நேர்மாறாயிற்று. தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சுற்றுவட்டாரக் கிராம மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு திருவாடானைக்குச் சென்று, பட்டப்பகலில் சிறையை உடைத்து இவரை விடுவித்தனர். அத்தனை பெரிய கூட்டத்தைத் தடுக்கும் வலிமை அச்சிறு ஊரின் காவலர்களுக்கு இருக்கவில்லை. பின்னர் ஆயுதக் காவலர்கள் மக்கள்மீது சுட்டதில் மேலும் சிலர் மாண்டனர், இவரும் காயமுற்றார். ஒரு பேச்சாளரை அடைத்து வைப்பதற்காக இத்தனை உயிர்கள் போயின என்பதும் இந்நிகழ்வின் ஒரு பகுதியே. வீரக்கதையாகச் சொல்லும்போது பலரும் இதனை விட்டுவிடுகின்றனர். தேவகோட்டை தற்போது சிவகங்கை மாவட்டத்திலும், திருவாடானை இராமநாதபுரம் மாவட்டத்திலும் உள்ளன.

பிற்காலம்

சென்னையில் தமிழ்ப்பண்ணை பதிப்பகத்தை நடத்தி இராஜாஜி, கல்கி, நாமக்கல் கவிஞர் முதலியோரின் நூல்களை அழகிய அமைப்பில் வெளியிட்டார். சிவாஜி கணேசன் ரசிகர் மன்றத்திலும் முன்னின்று பணியாற்றினார். சிறையுடைப்பைத் தம் நினைவு நூலான சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதில் விவரித்துள்ளார். தமது அறுபதாம் பிறந்தநாளன்றே காலமானார்.