‘கேம் பாய்’ கண்ட யோகோய்

ஓசூரில் தயாரான டைட்டன் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் 1987-ம் ஆண்டில் கடைகளுக்கு வந்தன. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் செய்த எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தைக் காசு சேர்த்து வாங்கிக் கட்டியிருந்தவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்திராதா? புது மாடல் வந்துவிட்டால் முதலில் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுக் கருவிகளில் இந்தத் திண்டாட்டத்தைப் பெரிதும் குறைத்தவர் ஒருவர் உண்டு. ஒருமுறை அதை அவரே உண்டாக்கியும் விட்டார். அவர்தான் ஜப்பானியரான குன்பெய் யோகோய்.

1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965-ல் நிண்டெண்டோ கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. அப்போது அது சீட்டுக்கட்டுக்குப் பெயர்போன கம்பெனி. யந்திரங்களைப் பராமரிப்பது யோகோயின் வேலை. சும்மா இருந்த நேரத்தில், நீட்டினால் தூரத்துப் பொருளைப் பிடிக்கும் பொம்மைக் கை ஒன்றைச் செய்தார். அது முதலாளி யாமவுச்சியின் கண்ணில் பட்டுவிட்டது. நல்லவேளை, வேலை போகவில்லை. 1966-ல் கடைக்கு வந்த அந்தப் பொம்மை, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது!

மலிவே பலம்

புத்தம்புது நுட்பத்தைத் தேடி அவர் ஓடவில்லை. நன்றாகப் பழகி, விலை இறங்கிய நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்துவதே அவரது கொள்கை. ரெயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. கால்குலேட்டர் திரையிலேயே விளையாட்டு. கூடவே மணியும் காட்டும்.

1989 ஏப்ரலில் ‘கேம் பாய்’ வந்தது. விலை 12,500 யென். பச்சை படிந்த மங்கல் திரை. வர்ணம் கிடையாது. ஆனால் நான்கு பாட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வர்ணத் திரையோடு போட்டிக்கு வந்த சேகா கம்பெனியின் கருவி, ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது.

சிவப்புப் பெட்டி

1995 ஜூலையில் ‘வர்ச்சுவல் பாய்’ வெளிவந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் காட்சிகள் முப்பரிமாணமாகத் தெரியும். கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றார்கள். ஓராண்டு முடிவதற்குள் கம்பெனி அதைக் கைவிட்டது. அதற்கென வெளியான விளையாட்டுகள் மொத்தம் 22 மட்டுமே. நம்பி முதலில் வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது ஒரு சிவப்புப் பெட்டி!

1996 ஜூலையில் ‘கேம் பாய் பாக்கெட்’ வந்தது. விலை 6,800 யென்; ஏறக்குறையப் பாதி. இரண்டே சிறு பாட்டரி, தெளிவான திரை. அப்படியானால் பழைய கருவி வீண்தானா? இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விளையாட்டுகள் புதியதிலும் ஓடின. அன்று புதிதாக வந்தவை பழையதிலும் ஓடின.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. இரண்டு கருவிகளை ஒயரால் இணைத்து இருவர் விளையாடுவது வழக்கம். புதியதில் துளை சிறுத்துவிட்டது. பழையது வைத்திருந்த தம்பியும் புதியது வாங்கிய அண்ணனும் சேர்ந்து விளையாட, இணைப்புத் துண்டு ஒன்றைத் தனியே வாங்க வேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை: பாட்டரி தீர்வதைக் காட்டும் சிவப்பு விளக்கை ‘பாக்கெட்’டில் எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் குறை கூறவே, பிறகு வந்தவற்றில் விளக்கு திரும்பியது. முந்தி ஓடியவர்களுக்குத்தான் விளக்கில்லை!

அடுத்த மாதமே யோகோய் கம்பெனியை விட்டு விலகி, ‘கோட்டோ’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ந் தேதி நெடுஞ்சாலையில் கார் விபத்து. கீழே இறங்கி நின்றவர்மீது மற்றொரு கார் மோதியது. 56 வயதில் காலமானார்.

மறு ஆண்டு வந்த ‘கேம் பாய் கலர்’ பழைய விளையாட்டுகளையும் ஏற்றுக்கொண்டது. யோகோய் கைவைத்த கடைசிக் கருவியான ‘ஒண்டர்ஸ்வான்’ 1999-ல் வெளிவந்தது. அது ஒரே ஒரு பாட்டரியில் ஓடியது.