காலா ஆசாரை வென்ற பிரம்மச்சாரி

நாம் வாழவந்த இக்கல்கத்தா மாநகரில், சியால்டா ரயில் நிலையத்தை அடுத்து நீலரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி விளங்குகிறது. முன்னாளில் அது காம்ப்பெல் மருத்துவப் பள்ளி. நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம்மில் பலர், இலட்சக்கணக்கான ஏழை மக்களின் உயிர் காத்த ஒரு மருந்து அங்கே ஒரு சிற்றறையில் பிறந்தது என்பதை அறியோம். அதனைக் கண்டவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

1873-ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தந்தையார் ஜமால்பூரில் ரயில்வே மருத்துவராய்ப் பணிபுரிந்தவர். உபேந்திரநாத் ஹூக்ளிக் கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் 1894-இல் இரசாயனத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் மருத்துவம் கற்று, 1902-இல் எம்.டி. பட்டமும் 1904-இல் டாக்டர் பட்டமும் எய்தினார். 1905 முதல் காம்ப்பெல் பள்ளியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் அமர்ந்தார். நோயாளியின் படுக்கையருகே மருத்துவர். சோதனைக் குழாயின் முன் இரசாயனி. இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியதே நாட்டின் நற்பேறு.

அக்காலத்தில் வங்கத்தையும் அஸ்ஸாமையும் காலா ஆசார் என்னும் கருங்காய்ச்சல் சூறையாடி வந்தது. மண்ணீரல் வீங்கி, உடல் வற்றி, மேனி கறுத்து, நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். இந்நகரை அடுத்த டம்டம்மில் இருந்து நோயுடன் தாயகம் மீண்ட ஒரு படைவீரனின் உடலில் லீஷ்மன் கண்ட கிருமியை, 1903-இல் நம் சென்னை நகரில் டாக்டர் டோனவன் உறுதிப்படுத்தினார். இருவர் பெயரையும் அக்கிருமி இன்றளவும் தாங்குகிறது.

பகை தெரிந்தது; படைக்கலம் இல்லை. 1915 முதல் டார்டார் எமெடிக் என்னும் ஆண்டிமனி உப்பை ஊசி வழியே செலுத்தினர். சிகிச்சையோ பல வாரங்கள் நீண்டது. வாந்தியும் நலிவும் நோயாளியை வாட்டின. கிருமியைக் கொல்லும் ஆண்டிமனியை மனித உடல் தாங்கும் வடிவில் தருவது எங்ஙனம்? இக்கேள்வியே பிரம்மச்சாரியின் வாழ்வாயிற்று. தண்ணீர்க் குழாயும் எரிவாயு வசதியும் மின்விளக்கும் இல்லாத அறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவெல்லாம் உழைத்தார். ஆண்டிமனியை நுண்துகளாக்கிப் பார்த்தார். பலவகை உப்புகளைச் சமைத்துப் பார்த்தார். 1920-இல் ஆண்டிமனி சேர்ந்த ஒரு கரிம அமிலத்தை யூரியாவுடன் இணைத்தபோது யூரியா ஸ்டிபமைன் பிறந்தது.

இம்மருந்தில் ஆண்டிமனி ஐந்து இணைதிறனுடன் நிற்கிறது. உடலினுள் அது மூன்று இணைதிறன் வடிவமாகக் குறைந்து கிருமியைத் தாக்குகிறது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. ஆகவே நஞ்சின் கடுமை நோயாளிமேல் முழுதும் விழுவதில்லை. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை, சில வாரங்களில் முடிந்தது. அஸ்ஸாமில் அரசாங்கமே இதனைப் பேரளவில் வழங்கியது. அம்மாநிலத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிழைத்தனர் என 1930-களில் கணக்கிடப்பட்டது.

எனினும் நாம் பெரிதும் போற்றுவது வேறொன்று. குணமடைந்தோர் சிலரின் தோலில் பின்னர் தடிப்புகளும் வெளிறிய புள்ளிகளும் தோன்றின. அவற்றுள் கிருமி மறைந்திருந்தது. தம் வெற்றிக்குக் குறை கற்பிக்கும் இவ்வுண்மையை அவர் மறைக்கவில்லை. 1922-இல் தாமே ஆராய்ந்து வெளியிட்டார். நோயை ஒழிக்க முயல்வோர் அத்தோல் நோயை இன்றும் விழிப்புடன் கவனித்து வருகின்றனர்.

1924-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1929-இல் நோபெல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார், பரிசு கிட்டவில்லை. 1934-இல் சர் பட்டம் பெற்றார். 1936-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1946 பிப்ரவரி 6-இல் மறைந்தார்.

பின்னாளில் பீகாரில் கிருமி ஆண்டிமனியை எதிர்க்கும் வலிமை பெற்றுவிட்டது. புது மருந்துகள் வந்துள்ளன. மருந்து முதுமையடையலாம், அதனை ஆக்கிய நெறி முதுமையடைவதில்லை. வசதியில்லை எனச் சோர்வுறும் நம் இளைஞர்க்கு அச்சிற்றறையின் மண்ணெண்ணெய் விளக்கு என்றும் வழிகாட்டுமாக!