38 சென்ட்டும் ஒரு கணக்கு நோட்டும்

நம் குடியிருப்புப் பிள்ளைகள் கீபோர்டு வகுப்புக்குப் போனால் வாசித்துக் காட்டும் ஆங்கிலப் பாட்டுகளில் 'ஓ சூசன்னா'வும் ஒன்று. அதை எழுதி மெட்டும் போட்டவர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர். அவரும் என்னைப் போலப் பேரேடு எழுதிப் பிழைத்தவர் என்று படித்ததும் விடாமல் தேடிப் படித்தேன்.

1826 ஜூலை 4-ல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே பிறந்தார். இருபது வயதில் சின்சினாட்டியில் அண்ணனின் நீராவிப் படகு கம்பெனியில் கணக்கர் வேலை. அங்கே இருந்தபோது, 1848-ல், 'ஓ சூசன்னா' அச்சாகி வந்தது. கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டமெல்லாம் அதைப் பாடியது. பல பதிப்பாளர்கள் கேட்காமலே அச்சிட்டு விற்றார்கள். ஃபாஸ்டர் கைக்கு வந்தது 100 டாலர்.

அப்போது ரெக்கார்டு கிடையாது, ரேடியோ கிடையாது. ஸ்வரங்களோடு அச்சிட்ட பாட்டுத்தாள் விற்றால்தான் வருமானம். அதிலும் ஒரு தாளுக்கு 2 சென்ட் என்று ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஃபாஸ்டருக்கு ஒழுங்காகப் பணம் வந்தது. மேடையில் யார், எத்தனை தடவை பாடினாலும் எழுதியவருக்குக் காசு தரவேண்டும் என்று சட்டமில்லை. டிக்கெட் வசூல் முழுவதும் பாடுகிறவருக்கே.

பணம்தான் இப்படி என்றால், பெயரும் போயிற்று. அவர் பாட்டுகளைப் பாடியவை, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய குழுக்கள். இன்று பார்த்தால் அருவருப்பான பழக்கம். அன்றே அதற்கு மதிப்பில்லை. அதனால் 1851-ல் 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டை, கிறிஸ்டி என்ற குழுத் தலைவர் பெயரில் அச்சிட 15 டாலருக்குச் சம்மதித்தார் ஃபாஸ்டர். பாட்டு எங்கோ போய்விட்டது. மறு வருடமே, என் பெயரைத் திருப்பிப் போடுங்கள் என்று கடிதம் எழுதினார். கிறிஸ்டி மறுத்துவிட்டார். தாள் விற்ற பங்கு ஃபாஸ்டருக்கு, பேர் மட்டும் கிறிஸ்டிக்கு!

1857-ல் கடன் நெருக்கியது. ஒவ்வொரு பாட்டும் இதுவரை எவ்வளவு ஈட்டியது, இனி எவ்வளவு ஈட்டும் என்று தன் நோட்டில் பத்தி பத்தியாகக் கணக்குப் போட்டார். பிறகு எதிர்கால உரிமை அனைத்தையும் பதிப்பாளர்களிடம் 1,872 டாலர் 28 சென்ட்டுக்கு விற்றார். அந்த 28 சென்ட்டைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. சில்லறை வரை சரிபார்த்த மனிதர், முதலையே விற்றுவிட்டார்.

அதன்பின் நியூயார்க்கில் குடியும் தனிமையும். எழுதிய பாட்டை அவ்வப்போது கிடைத்த விலைக்குத் தந்தார். 1864 ஜனவரி 13-ல் பெல்வியூ ஆஸ்பத்திரியில் இறந்தபோது வயது 37. பர்ஸில் இருந்தது 38 சென்ட்.

1879-ல் 'ஓல்ட் ஃபோக்ஸ்' பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டது. அப்போதுதான் தாளில் கிறிஸ்டி பெயர் போய் ஃபாஸ்டர் பெயர் வந்தது. அதன்பின் வந்த பங்குத்தொகை அவர் மனைவி ஜேனுக்கும் மகள் மரியனுக்கும் போனது.