ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஒரே ஒரு எண்... அது எது தெரியுமா?

வேதாரண்யம் உப்பளத்தில் 60 மூட்டை உப்பு இருக்குன்னு வைத்துக்கொள்வோம். 2, 3, 4, 5, 6 பேர் என எத்தனை பேர் வந்தாலும் மூட்டையைப் பிரிக்காமல் சமமாகப் பங்கு போடலாம். அதுவே 59 மூட்டை என்றால்? தலைவலிதான். 60-க்கு மொத்தம் 12 வகுத்திகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் 10-க்கு மேல் கிடையாது. ஒரு நாளைக்கு 60 நாழிகை என்ற நம்மூர் பழைய கணக்கு எவ்வளவு வசதியானது என்பது இப்போது புரியும்.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்டவைதான் 'உயர் பகு எண்கள்'. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 எனப் போகும். இவற்றுக்குப் பெயர் வைத்து, 1915-ல் பெரிய ஆய்வுக் கட்டுரையே எழுதியவர் நம்ம காவிரிக் கரை கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே கணக்கில் புலி. ஆனால் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். உதவித்தொகை போச்சு, பட்டமும் கிடைக்கவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை. 1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வாழ்க்கையைத் திருப்பிப் போட, 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அந்தக் கட்டுரையில் 102 உயர் பகு எண்களைப் பட்டியல் போட்டிருந்தார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது சுமார் 6.7 லட்சம் கோடி! இதற்கு 10,080 வகுத்திகள். கால்குலேட்டர் இல்லாத காலம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு நீளப் பட்டியலில் ஒன்றே ஒன்று விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவர் பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும். போட்டுப் பாருங்கள். (மொபைல் கால்குலேட்டர் போதும்.)

கல்லூரியில் தோற்றவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது முக்கியமாக இந்த ஆய்வுதான். ஆனால் அது முழுசாக அச்சாகவில்லை. முதல் உலகப்போர் நேரம், லண்டன் கணிதச் சங்கத்தில் பணத் தட்டுப்பாடு. அதனால் கட்டுரை சுருக்கப்பட்டது.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது வெறும் 32. போர்க்காலத்தில் அச்சேறாமல் நின்ற மீதிப் பக்கங்கள் வெளிவந்தது 1997-ல். அவர் இறந்து 77 ஆண்டுகள் கழித்து.