இரவல் நூல்களில் தொடங்கியவர்

பாடசாலையின் நூற்றாண்டு மலரில், பாடசாலைக்கு வெளியே வாழ்ந்த ஒருவரையும் நினைவுகூர விரும்பினோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தொடக்கிவைத்த அமரர் கே. எம். செல்லப்பா அவர்களே அவர்.

நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தவருக்குக் காணி, வீடு, பிள்ளைகளின் சீதனம் என்பனவே மிச்சக் கவலை. இவருக்கோ, காசில்லாத பிள்ளை எங்கே போய் வாசிக்கும் என்ற கவலை. 1933 இல் தம் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். இரவல் போன புத்தகம் வீடு திரும்புவது அரிது என்பதை நன்கறிந்த எமக்கு, அந்தத் துணிவே பெரிதாகத் தெரிகிறது.

வீடு போதவில்லை. ஊராருக்கு வேண்டுகோள் விடுத்தார். 1934 ஜூனில் யாழ் மத்திய கல்லூரியில் பெரியோர் கூடினர், நீதிபதி சி. குமாரசுவாமி தலைமையில் ஒரு குழு அமைந்தது. செயலாளர் பொறுப்பில் செல்லப்பா இருந்தார். அலைச்சல் முழுவதும் செயலாளருக்குத்தான் என்பது சங்கம் நடத்திய எமக்குத் தெரியாததல்ல! அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1935 இல், அது பட்டினசபையிடம் கையளிக்கப்பட்டது. அவருடைய செயல்களில் எம்மைக் கவர்ந்தது இதுதான். தாம் வளர்த்ததைத் தம் பெயரில் வைத்திருக்க ஆசைப்படாதவர் எத்தனை பேர்? தனியார் வீட்டுப் படியேற எம் பாட்டிமார் கூச்சப்பட்டிருப்பார்கள். பொது நூலகம் என்றால் யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை.

பின்னர் நூலகம் வளர்ந்தது. நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வெண்ணிறக் கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. வெள்ளைச் சீருடையுடன் அங்கே சென்று சத்தமின்றி வாசித்து, பரீட்சைக்கும் ஆயத்தமான சகோதரிகள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். 1981 ஜூன் 1 ஆம் திகதியை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒருவர் வீட்டு அலுமாரியில் தொடங்கி, அரை நூற்றாண்டாகச் சேர்ந்த தேட்டம் அது.

கட்டடம் மீண்டும் எழுந்து இயங்குகிறது. விடுமுறைக்கு வரும் சகோதரிகள் பிள்ளைகளை அங்கே கூட்டிச்செல்கிறார்கள். போகும் வழியில் ஆஸ்பத்திரி வீதியையும் ஒருமுறை காட்டி, அந்த வாடகை அறையின் கதையைச் சொல்லுங்கள்.